ஈசல் நுழையாத பெட்டி

நான் பீரோ செய்கிறவன். பெயர் தசரதன். போளூர் ரோட்டில் பட்டறை. இருபது கேஜ் தகடு, உள்ளே லாக்கர், கதவில் ஆளுயரக் கண்ணாடி. திருவண்ணாமலையில் கல்யாணம் ஆன பாதிப் பேர் வீட்டில் நான் செய்த பீரோ நிற்கிறது. மீதிப் பாதிப் பேர் ஏமாந்தவர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம், கம்ப்யூட்டரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்ததெல்லாம் அதன் பெட்டி மட்டும்தான். அதையும் நானாக ஆசைப்பட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. ஜினசந்திரன் என்கிற ஒரு நயினார் என் தலையில் கட்டினான்.

நயினார் என்றால் எங்கள் பக்கத்து ஜைனர்கள். வடக்கிலிருந்து வந்து அடகுக்கடை வைத்தவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். நம்மைப் போலவே நெல்லும், மல்லாட்டை என்று நாம் சொல்கிற வேர்க்கடலையும் போடுகிற தமிழர்கள்தான், நமக்கு முன்னாலிருந்தே இங்கே இருக்கிறவர்கள். தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார்கள். பொழுது சாய்ந்தால் சாப்பாடு கிடையாது. விளக்கு வெளிச்சத்துக்கு வருகிற பூச்சி சோற்றில் விழுந்து செத்துப்போகும் என்பது கணக்கு. ஜினசந்திரனை நான் மூன்று முறை பிரியாணிக் கடைக்குக் கூட்டிப்போயிருக்கிறேன். மூன்று முறையும் டீ குடித்துவிட்டு, கூடவே உட்கார்ந்து நல்ல நல்ல விஷயமாகப் பேசினான். எனக்குத்தான் பிரியாணி இறங்கவில்லை.

அவன் ஊர் போளூர் பக்கம். 1989இல் நம்ம ஊர் தனி மாவட்டத் தலைநகராக ஆனபோது, ஆபீசுகள் வரும், ஆபீஸ் வந்தால் டைப்ரைட்டிங் வரும் என்று கணக்குப் போட்டுக் கிளம்பி வந்தான். ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் மெஷின் ரிப்பேர் பார்த்தான். பிறகு அச்சாபீசில் கம்ப்யூட்டர் டைப்பிங். நடுவில் தர்மவதியைக் கல்யாணம் செய்துகொண்டான். அந்தப் பெண் ஸ்கூல் டீச்சர், கணக்கு வாத்தியார். 1998இல் திருவூடல் தெருவில் ஒரு மாடி அறையைப் பிடித்து, சென்னையிலிருந்து பாகம் பாகமாக வாங்கி வந்து கம்ப்யூட்டர் பூட்டி விற்க ஆரம்பித்தான்.

ஒரு நாள் காலியான கம்ப்யூட்டர் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தான். கேபினட் என்றான். விரலில் துணி சுற்றியிருந்தது.

"தசரதன், இதை நீங்க செஞ்சா என்ன ஆகும்?"

தகட்டைத் தட்டிப் பார்த்தேன். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. "இன்னாய்யா இது? அப்பளத்துல பெட்டி பண்ணிருக்கான். ஓரத்தைக் கூட மடிக்கல. கை அறுக்காம இன்னா பண்ணும்?"

"ஆயிரத்து இருநூறு. உள்ள கரண்ட் டப்பாவும் சேர்த்து."

எஸ்.எம்.பி.எஸ். என்று ஒரு டப்பா. அதுதான் மெஷினுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுப்பது. அதை மட்டும் தனியாக வாங்கினால் நானூற்றைம்பது. நான் என் தகட்டில், என் வெல்டிங்கில், நாலு ஓரமும் மடித்து, ஸ்ப்ரே அடித்து ஒரு பெட்டி செய்து கொடுத்தேன். பெட்டிக்கு மட்டும் எண்ணூற்றைம்பது ஆயிற்று. ஆக மொத்தம் கடைப் பெட்டியைவிட நூறு ரூபாய் ஜாஸ்தி, ஒன்பது கிலோ ஜாஸ்தி. கீழே நாலு கால் வைத்தேன். முன்னால் கைப்பிடி வைத்தேன். பக்கத்துக் கதவுக்குப் பூட்டும் சாவியும் வைத்தேன். சாவி இல்லாமல் ஒரு பொருள் என் பட்டறையை விட்டு வெளியே போனது கிடையாது.

ஜினசந்திரன் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "லட்சுமி படம் ஒட்டலையா?" என்று கேட்டான். கிண்டல் செய்கிறானா என்று அவன் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒட்டித் தரட்டுமா என்று கேட்டேன்.

அந்தப் பெட்டியை ஒரே ஒருத்தர்தான் வாங்கினார். காசியம்மாள். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே மனு டைப் அடித்துக் கொடுக்கிற அம்மாள். தகரக் கூரை, முன்பக்கம் திறந்த கடை. சாவி இருந்ததால்தான் வாங்கினார். "மெஷின் திருடு போச்சுன்னு மனு குடுக்க எனக்குப் பக்கம்தான், ஆனா யாரு டைப் அடிப்பா?" என்றார்.

2001 ஐப்பசி வரைக்கும் ஜினசந்திரன் மொத்தம் முப்பத்தெட்டு மெஷின் விற்றிருந்தான். காசியம்மாளுடையது தவிர மற்ற எல்லாம் அப்பளப் பெட்டிதான். பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஐப்பசி மழையில்தான் சனியன் பிடித்தது.

மழை விட்ட சாயங்காலம் வேங்கிக்கால் ஏரிப் பக்கம் ஈசல் எப்படி வரும் என்பது அங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். டியூப் லைட் போட்டால் லைட்டே தெரியாது. காசியம்மாள் கடை மெஷின் நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமை காலை நானும் ஜினசந்திரனுமாக அதை என் எம்80 வண்டியில் வைத்து அவன் வீட்டுக்குக் கொண்டு வந்தோம். நடு வீட்டில் பேப்பர் விரித்து, அவன் கதவைத் திறந்தான்.

உள்ளே ஈசல். இறக்கை தனியாக, உடம்பு தனியாக. மின்விசிறியில் சிக்கியது, சர்க்யூட் பலகையில் வெந்தது, ஒயருக்கு நடுவே காய்ந்தது. ஈசல் மட்டும் இல்லை. கொசு, சின்ன வண்டு, பேர் தெரியாத பச்சைப் பூச்சி. எனக்கு அது ஒன்றுமே இல்லை. துடைப்பம் எங்கே என்றுதான் கேட்டேன்.

தர்மவதி அடுப்படியிலிருந்து வந்து பார்த்தாள். கீழே உட்கார்ந்து ஒரு மயிலிறகை எடுத்து ஒவ்வொன்றாகப் பேப்பரில் தள்ளி எண்ணினாள். ஒரு ஈடு இட்லி வேகும் நேரம் ஆனது.

"நூத்தி எழுபத்து மூணு. எத்தனை மெஷின் வித்திருக்கீங்க?"

"முப்பத்தெட்டு" என்றான். அந்த இடத்தில் நானாக இருந்தால் பத்து என்று சொல்லியிருப்பேன்.

கணக்கு டீச்சருக்குப் பேப்பர் பேனா வேண்டுமா? "ஆறாயிரத்து ஐந்நூத்தி எழுபத்து நாலு" என்றாள். "ஒரு மழைக்கு."

எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. "தங்கச்சி, ஏர் ஓட்டுறப்ப மண்ணுல புழு சாவலியா? உங்க அப்பாரு ஓட்டலியா?" என்றேன்.

"சாவுது அண்ணா. ஏர் ஓட்டாம நெல்லு வர வேற வழி இல்ல. அதுக்கே எங்க அப்பா வருஷத்துக்கு இத்தனை நாள்னு விரதம் இருப்பாரு. இது என்ன, விசிறி வெச்சி இழுத்து இழுத்துக் கொல்றது?" என்றாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். "நீங்க என்ன வேணா பண்ணுங்க. இந்தக் கடையில வர்ற சோறு எனக்கு இறங்காது."

கோபத்தில் சொன்னது, ரெண்டு நாளில் சரியாகும் என்று நினைத்தேன். நான் சொன்னது எது சரியாக இருந்தது? மறுநாளிலிருந்து அந்த வீட்டில் ரெண்டு பானை. அவள் சம்பளத்தில் வாங்கிய அரிசி ஒரு பானையில், அவன் கடைக் காசில் வாங்கியது இன்னொன்றில். அவளுக்கு அவள் சமைத்தாள், அவனுக்கு அவனே சமைத்தான். சண்டை இல்லை, சத்தம் இல்லை. ஒரே அடுப்பு, ஆளுக்கொரு நேரம். பக்கத்தில் உட்கார்ந்து, அவரவர் தட்டில் அவரவர் சோறு. ஆறு வயசு மகள் அக்ஷயா மட்டும் ரெண்டு பானையிலும் சாப்பிட்டாள். அந்த வீட்டில் புத்தி உள்ள ஆள் அவள் ஒருத்திதான்.

ஜினசந்திரன் வந்து பட்டறையில் உட்கார்ந்தான். எப்போதும் போல அமைதியாகத்தான் பேசினான். ஆனால் ரெண்டு நாளாகச் சவரம் செய்யவில்லை.

"கடையை மூடிட்டு வேற வேலை பாருய்யா" என்றேன்.

"மூடினாலும் அந்த முப்பத்தெட்டு ஓடிக்கிட்டுத்தானே இருக்கும்? உழுறதுக்கு வேற வழி இல்லன்னு சொன்னா பாருங்க, அது சரி. ஆனா இதுக்கு வழி இருக்குது தசரதன். பெட்டியை மாத்தணும்."

"எப்படி?"

மடியிலிருந்து ஒரு துணியை எடுத்தான். வீட்டில் தண்ணீர் வடிகட்டுகிற மல் துணி. அதை ரெண்டாக மடித்து, காற்று போகிற வழியில் கட்டிவிடலாம் என்றான். இவ்வளவுதானா என்று நானும் நினைத்தேன். காசியம்மாள் பெட்டியில் முன்பக்கம் ஒரு சட்டம் போட்டு, துணியை இழுத்துக் கட்டினோம். மற்ற ஓட்டைகளை எல்லாம் ரப்பர் பீடிங் வைத்து அடைத்தோம். மெஷினை ஓட விட்டான். நீலத் திரை ஒன்று வந்தது. அதில் உள்சூடு எத்தனை டிகிரி என்று நம்பர் காட்டும். ஐம்பத்தி ரெண்டில் ஆரம்பித்து, நான் ஒரு பீடி குடித்து முடிப்பதற்குள் எழுபத்தெட்டு. மெஷின் அப்படியே உறைந்து நின்றது.

விஷயம் இதுதான். அந்தப் பெட்டிகளில் பின்னால் இருக்கிற விசிறி காற்றை வெளியே தள்ளுகிறது. தள்ளினால் உள்ளே காற்று குறைகிறது. குறைந்ததை ஈடுகட்ட, எங்கெங்கே இடுக்கு இருக்கிறதோ அங்கெல்லாம் வெளிக்காற்றை உறிஞ்சுகிறது. பூச்சியும் அப்படித்தான் போகிறது. இடுக்கை அடைத்து, வாசலில் துணியும் கட்டினால் மெஷினுக்கு மூச்சு முட்டுகிறது.

சரி, முன்னால் ஒரு பலமான விசிறி வைத்து, துணி வழியாக இழுத்து உள்ளே தள்ளுவோம் என்றான். சென்னைக்குப் போய் ஒன்று வாங்கி வந்தான். துணியையும் ஒற்றை மடிப்பாக்கினோம். சூடு ஐம்பத்தைந்தில் நின்றது. உள்ளே காற்று நிறைந்து, அடைத்தும் மிச்சமிருந்த இடுக்குகளில் வெளியே வந்தது. அதனால் பூச்சி எதிர்க்காற்றில் நுழைய முடியாது. எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. அடைத்து அடைத்துப் பார்த்தோம், நிரப்பினால் போதும் என்று இருந்திருக்கிறது. மெஷினைக் கொண்டுபோய்க் காசியம்மாள் கடையில் வைத்தோம். நாலு நாளில் மழை. ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தால் உள்ளே ஒரு கொசு கூட இல்லை. நான் கைதட்டினேன்.

ஜினசந்திரன் குனிந்து முன்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். துணி கறுப்பாக இருந்தது. காற்று இழுத்த இழுப்பில் ஈசல் எல்லாம் துணியிலேயே ஒட்டி, விடுபட முடியாமல் அங்கேயே செத்துக் கிடந்தன.

"விடுய்யா, உள்ள சாவலியே" என்றேன்.

அவன் அந்தத் துணியைக் கழற்றி, மடித்து, வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பெண்டாட்டியிடம் காட்டினான். நானாக இருந்தால் ஏரியில் போட்டிருப்பேன். தர்மவதி பார்த்துவிட்டு, "உள்ள செத்தா என்ன, வாசல்ல செத்தா என்ன?" என்றாளாம். அன்றைக்கும் ரெண்டு பானை.

மூன்றாவது பெட்டிக்கு ஐந்து மாதம் ஆனது. பட்டறையில் என் வேலை கெட்டது. ஒரு கல்யாண பீரோ தாமதமாகி, பெண் வீட்டார் வந்து என்னைத் திட்டிவிட்டுப் போனார்கள். அவன் பாட்டுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்து, ஊதுவத்தியைக் கொளுத்திப் பெட்டிக்கு முன்னால் பிடித்து, புகை எந்த வேகத்தில் உள்ளே போகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு எறும்பைக் காகிதத்தில் ஏற்றி, துணிமேல் நடக்கவிட்டு, அது தானாகத் திரும்பி வருகிறதா என்று பார்ப்பான். எறும்பு வந்த பிறகுதான் அடுத்த வேலை. எனக்கு எரிச்சல் வரும். ஆனால் எட்டிப் பார்க்காமலும் இருக்க முடியாது.

கடைசியில் அவன் கண்டுபிடித்தது இவ்வளவுதான்: உள்ளே போக வேண்டிய காற்று அதே அளவு. ஆனால் வாசல் சின்னதாக இருந்தால் வேகமாகப் போகும், பெரிதாக இருந்தால் மெதுவாகப் போகும். பௌர்ணமிக் கூட்டம் ஒரு சின்ன வாசலில் நுழைந்தால் நசுங்கும். ராஜகோபுர வாசலில் நுழைந்தால் கைக்குழந்தையோடு போகலாம். ஆகவே முன்பக்கம் முழுக்கத் துணி. அதற்கும் போதாமல், நான் கால் வைத்திருந்த கீழ்ப்பக்கமும் முழுக்கத் துணி. விசிறியைப் பன்னிரண்டு வோல்ட்டுக்குப் பதிலாக ஏழில் ஓட விட்டான். மஞ்சள் ஒயருக்கும் சிவப்பு ஒயருக்கும் நடுவில் ஏதோ செய்தான், எனக்குப் புரியவில்லை. சூடு ஐம்பத்தெட்டு. எறும்பு துணிமேல் ஏறி, கொஞ்ச நேரம் உலாத்திவிட்டு, இறங்கிப் போனது. அன்றைக்கு அவன் சிரித்ததைப் பார்த்தேன். நான் போய் ரெண்டு பேருக்கும் டீ வாங்கி வந்தேன். காசு நான்தான் கொடுத்தேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

இதற்கப்புறம் அவன் செய்ததுதான் பைத்தியக்காரத்தனம். ஏற்கெனவே விற்ற அப்பளப் பெட்டிகள் எல்லாவற்றுக்கும் முன்பக்கத்தை மாற்றப் போகிறேன் என்றான். இலவசமாக. முப்பத்தேழு பெட்டியில் பதினோரு அளவு. ஒவ்வொன்றுக்கும் சட்டம் நான் செய்ய வேண்டும், விசிறி அவன் வாங்க வேண்டும்.

"சொந்தக் காசுல சூனியம் வெச்சிக்கறதுன்னா இதுதான்யா" என்றேன். "தங்கச்சிகிட்டயாவது சொன்னியா?"

"சொல்லல. நீங்களும் சொல்லாதீங்க."

"ஏன்?"

"சொன்னா இரக்கப்பட்டுச் சாப்பிடுவா. இரக்கப்பட்டுச் சாப்பிட்டா அவளுக்கு அது எப்படி இறங்கும்?"

இந்த ஆளிடம் என்ன பேசுவது? சட்டத்துக்குக் கூலி வேண்டாம், தகட்டுக் காசு மட்டும் கொடு என்றேன். பிறகு ஒரு வாரம் என்மேலேயே எனக்குக் கோபம்.

ஊர் முழுக்க அலைந்தான். சிலர் எதற்கு என்று கேட்டார்கள். "காத்து நல்லா போவும், தூசு வராது" என்றான். அதுவும் பொய் இல்லை. துணி கட்டின மெஷினில் தூசு சேரவில்லை, மெஷின் கெட்டுப்போகவில்லை. கெட்டுப்போகாத மெஷினை விற்றவனுக்கு ரிப்பேர் வருமானம் எங்கிருந்து வரும்? புதிதாக வாங்க வந்தவர்களிடம் துணிப் பெட்டி ஆயிரத்து ஐந்நூறு என்று சொன்னான். அதற்குள் அப்பளப் பெட்டி கரண்ட் டப்பாவோடு தொள்ளாயிரத்துக்கு வந்துவிட்டது. அந்த வருஷம் அவன் விற்றது நாலே நாலு. நாலும் துணிப் பெட்டி. மெஷின் வேட்டி கட்டிக்கொண்டிருக்கிறது என்று தெருவில் சிரித்தார்கள்.

முப்பத்தேழில் முப்பத்தாறு மாட்டியாயிற்று. மீதி ஒன்று செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில் பிரௌசிங் சென்டர் வைத்திருந்த ராமகிருஷ்ணனுடையது. முன்பக்கம் வளைவாக நீல பிளாஸ்டிக், அதில் லைட் வேறு. ஜினசந்திரன் நாலு தடவை போனான். நானும் ஒரு தடவை போனேன்.

"பாருங்க, வெளிநாட்டுக்காரங்க வந்து உக்கார்ற எடம். அழகுக்குன்னே எரநூறு ரூபா கூடக் குடுத்து வாங்குனது. அதைக் கழட்டிட்டு ஜட்டித் துணியைக் கட்டச் சொல்றீங்க. போங்க, வேலையப் பாருங்க" என்றார் ராமகிருஷ்ணன். அவர் மெஷின், அவர் இஷ்டம். சட்டையைப் பிடிக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. ஜினசந்திரன் கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிட்டான்.

2002 ஆயுத பூஜை அன்று காசியம்மாள் கடையில் பரீட்சை ஆரம்பித்தது. இது ஜினசந்திரன் தர்மவதியிடமே பேசி வைத்த ஏற்பாடு. அவள் கையாலேயே பெட்டியைத் துடைத்து, பூட்டி, சாவியை அவளே வைத்துக்கொள்வது. தீபம் முடிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளே திறந்து பார்ப்பது. செத்தது உள்ளேயோ துணியிலோ ஒன்று இருந்தாலும் கடையை மூடிவிட்டு ஊருக்குப் போய் நிலத்தைப் பார்ப்பது. நடுவில் ஒரு ஐப்பசி முழுக்க மழை. நான் தினமும் வானத்தைப் பார்த்துத் திட்டினேன்.

"இன்னா தசரதா, என் மெஷின் மேல கண்ணு வெச்சிகினே கீற? மனு டைப் அடிக்க வர்றவன் எல்லாம் இது இன்னா சாமின்னு கேக்கறான்" என்று காசியம்மாள் ஒரு நாள் சத்தம் போட்டார். பூஜையன்று வைத்த குங்குமம் பெட்டி உச்சியில் அப்படியே இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்குப் போனோம். நான், ஜினசந்திரன், தர்மவதி, அக்ஷயா. காசியம்மாள் திங்கட்கிழமை மனு நாளுக்காக உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டிருந்தார். மெஷினை நிறுத்தச் சொன்னோம். ஒரு முதியோர் பென்ஷன் மனு பாதியில் நின்றது.

தர்மவதி முதலில் துணியைப் பார்த்தாள். முன்பக்கம், பிறகு சாய்த்துக் கீழ்ப்பக்கம். தூசு இருந்தது. ஒன்றிரண்டு கொசு உட்கார்ந்திருந்தன; கை கிட்டே போனதும் பறந்துபோயின. பெட்டிக்குப் பின்னால் சுவரில் ஒரு பல்லி, நல்ல கொழுத்த பல்லி, நகர மனசில்லாமல் இருந்தது.

"ராவுல லைட்டுக்கு வர்ற பூச்சியெல்லாம் இந்தத் துணி மேல வந்து குந்திக்குது. இது வந்து ஒண்ணொண்ணா துன்னுட்டுப் போவுது. ஒரு மாசத்துல இன்னாமா பெருத்துட்டுது பாரு" என்றார் காசியம்மாள்.

இந்த அம்மாளுக்கு இப்போது இதைச் சொல்லாவிட்டால் என்ன? தர்மவதி பல்லியைப் பார்த்தாள். பல்லியும் அவளைப் பார்த்தது. "அது சுவத்துல இருந்தாலும் தின்னும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தாள்.

எல்லோரும் குனிந்தோம். காசியம்மாள் டார்ச் அடித்தார். விசிறி, பலகை, ஒயர் இடுக்கு, அடித்தகடு. தர்மவதி மயிலிறகை எடுத்து மூலை மூலையாகத் தடவினாள். கொஞ்சம் மண் தூசு வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை. மறுபடியும் தடவினாள். அக்ஷயா, "ஜீரோ" என்றாள்.

நான் ஜினசந்திரன் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தேன். அவன் அசையவில்லை. பெண்டாட்டியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மத்ததெல்லாம்?" என்றாள் தர்மவதி.

அடுத்த நொடி என் வாய் திறந்துகொண்டது. ஆறேழு மாசமாக அடக்கி வைத்தது எல்லாம் வந்துவிட்டது. "மத்ததா? எல்லாத்துக்கும் துணி கட்டிட்டாம்மா இந்தப் பைத்தியக்காரன். ஊரெல்லாம் அலைஞ்சி, தன் காசைப் போட்டு. உனக்குச் சொல்லக் கூடாதுன்னு என் வாயைக் கட்டிட்டான். கடையில ஒரு பைசா மிச்சம் இல்ல."

தர்மவதி புருஷனைப் பார்த்தாள். "எல்லாத்துக்குமா?"

ஆமாம் என்று சொல்லித் தொலையேன்டா என்று மனசுக்குள் கத்தினேன். ஒரே ஒரு சொல். செங்கம் ரோட்டுக்கு அவள் போகவே போவதில்லை.

"ஒண்ணு பாக்கி" என்றான். "ராமகிருஷ்ணன் ஒத்துக்கல. நாலு தரம் கேட்டேன். இப்பவும் ஓடிக்கிட்டு இருக்கும்."

தர்மவதி கதவைச் சாத்திப் பூட்டினாள். சாவியைக் காசியம்மாளிடம் கொடுத்தாள். "வாங்க, பொழுது போகுது" என்று சொல்லிவிட்டு ரோட்டுக்கு நடந்தாள். அவர்கள் மூவரும் ஆட்டோவில் போனார்கள். நான் பின்னால் வண்டியில் போனேன். வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே போனேன். நாலு வார்த்தை பொய் சொல்லத் தெரியாதவன் எதற்குக் கடை வைக்க வேண்டும்? ஒரு வருஷம் ஒரு மனுஷன் தனியாக வடித்துத் தின்றது போதாதா? யோசிக்க யோசிக்க எனக்கு அழுகையாக வந்தது.

வீட்டுக்குள் போனபோது மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கால் மணி நேரம் இருந்தால் அதிகம். ஜினசந்திரன் கை கால் கழுவிவிட்டு வந்து, வழக்கம் போலத் தன் பானையை எடுத்து வைத்து, தன் தட்டைப் போட்டான். தர்மவதி தன் தட்டை எடுத்து வந்து அவன் பானைக்கு முன்னால் உட்கார்ந்தாள். அகப்பையை எடுத்தாள்.

அவன் பானைமேல் கையை வைத்து மூடினான். "தர்மா, ஒண்ணு இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. நீ சரியா யோசிச்சிக்க."

"யோசிச்சிட்டேன். அந்த ஒண்ணு என் பேர்ல இருக்கட்டும்."

"அவங்கவங்க வினை அவங்கவங்களுக்குத்தான். பங்கு போட முடியாதுன்னு உங்க அப்பாவே சொல்லுவாரே."

"முடியாதுதான்" என்றாள். "சோத்தைப் போடலாம் இல்ல? கையை எடுங்க, இருட்டப் போகுது."

அவன் கையை எடுத்தான். அவள் ரெண்டு தட்டிலும் போட்டாள். அது காலையில் அவன் வடித்த சோறு. நன்றாகக் குழைந்து போயிருந்தது; அம்மா தட்டில் கை வைத்த அக்ஷயா, குழம்பில் உப்பு இல்லை என்றாள். தர்மவதி சாப்பிட்டாள். முடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டாள்.